டின்னின் வாய்

1911 செப்டம்பரில், அண்டார்டிகாவின் கேப் எவன்ஸ் முகாமில், ஒரு மரப்பெட்டி வெளியே வைக்கப்பட்டது. உள்ளே எட்டு மண்ணெண்ணெய் டின்கள். ஒவ்வொன்றும் ஒரு கேலன், அதாவது ஏறத்தாழ நாலரை லிட்டர். பனி கொட்டிக் கொட்டிப் பெட்டி புதைந்துபோனது. 1912 டிசம்பரில் அதைத் தோண்டி எடுத்தார்கள். மூன்று டின்கள் நிறைந்திருந்தன. மூன்று டின்கள் வெறுமையாகக் கிடந்தன. ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு எண்ணெய், மற்றொன்றில் மூன்றில் இரண்டு பங்கு. இடையில் யாரும் அவற்றைத் தொடவில்லை.

இந்தக் கணக்கை எழுதி வைத்தவர் ஆப்ஸ்லி செர்ரி-கெரார்ட். ராபர்ட் ஸ்காட்டின் தென்துருவக் குழுவில் இருந்தவர். டின்களைத் தோண்டி எடுப்பதற்கு முந்தைய மாதம்தான், நவம்பர் 12 அன்று, ஸ்காட்டையும் இரண்டு தோழர்களையும் அவர்களுடைய கூடாரத்துக்குள் உறைந்த உடல்களாகக் கண்டெடுத்திருந்தார்கள். அங்கிருந்து அடுத்த பெரிய உணவுக் கிடங்குக்கு 11 மைல்தான் மிச்சம். துருவத்தை எட்டித் திரும்பிய ஐவரில் ஒருவர்கூட உயிரோடு முகாம் சேரவில்லை.

திரும்பும் வழியில் கிடங்கு கிடங்காக ஸ்காட் தன் நாட்குறிப்பில் ஒரே குறையை எழுதிக்கொண்டே போகிறார்: எண்ணெய் போதவில்லை. போகும்போது அளந்து வைத்த டின்களில், வரும்போது அளவு குறைந்திருந்தது. உணவு பெரும்பாலும் வைத்தபடி இருந்தது. எண்ணெய்தான் குறைந்தது. குளிரோ மைனஸ் 40 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் பனிவெளியில் எண்ணெய் என்றால் கணப்பு மட்டுமல்ல, குடிநீரும் அதுதான். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் பனிக்கட்டி, ஆனால் அடுப்பு எரியாமல் ஒரு வாய்த் தண்ணீர் கிடையாது. மைனஸ் 40-ல் இருக்கும் ஒரு கிலோ பனியை உருக்கிக் கொதிக்கவைக்க 800 கிலோஜூலுக்கு மேல் வெப்பம் வேண்டும். ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் சுமார் 35,000 கிலோஜூல் இருக்கிறது. பாதி வெப்பம் காற்றோடு போனாலும் 20 லிட்டர் வெந்நீர் தேறும். டின்னின் வாய்வழியே ஒரு லிட்டர் கசிந்தால், களைத்துச் சாகக் கிடக்கும் ஐந்து பேரிடமிருந்து 20 லிட்டர் வெந்நீரைப் பறித்த மாதிரி. ஸ்காட்டின் மரணத்துக்கு எண்ணெய் ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. அந்த மார்ச் மாதத்தின் கடுங்குளிர், உடலுக்குப் போதாத உணவு, மனிதர்களே சறுக்குவண்டியை இழுத்தது என எல்லாம் சேர்ந்துதான் கொன்றன. ஆனால் அந்தப் பட்டியலில், சில காசு பெறுமான ஒரு வாசரால் தடுத்திருக்கக்கூடியது எண்ணெய்க் குறை ஒன்றுதான்.

ஆம், வாசர். ஸ்காட்டின் டின்களுக்குத் திருகு மூடி இருந்தது. மூடிக்கும் டின்னுக்கும் இடையே தோல் வாசர். அதற்கு முந்தைய ‘டிஸ்கவரி’ பயணத்தில் (1901–04) தக்கை அடைப்பான்கள் கசிந்து தொல்லை கொடுத்ததை அவரே தன் நூலில் எழுதியிருந்தார். அதற்கு மாற்றாகத்தான் உலோகத் திருகும் தோல் வாசரும் வந்தன. சிக்கல் கண்ணில் பட்டிருந்தது, திருத்தமும் செய்யப்பட்டது. திருத்தம் போதவில்லை.

மண்ணெண்ணெய்க்கு இண்டு இடுக்கில் புகும் குணம் உண்டு. அதன் பரப்பு இழுவிசை தண்ணீருடையதில் மூன்றில் ஒரு பங்குதான். தண்ணீர் துளியாகத் திரண்டு நின்றுவிடும் இடத்தில், மண்ணெண்ணெய் மெல்லிய படலமாகப் பரவி ஏறும், இறங்கும், திருகு மரையின் பள்ளங்களில் ஊர்ந்து வெளியே வரும். வந்த படலம் ஆவியாகிப் போக, பின்னாலேயே அடுத்த படலம். தோல், குளிரில் காய்ந்து சுருங்கி விறைத்துப்போகும். சுருங்கிய வாசர் விடும் மயிரிழை இடைவெளி போதும். இதற்கு மேல் வெப்ப விரிவு வேறு. ஒரு டிகிரி சூடு ஏறினால் மண்ணெண்ணெய் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பெருகும். மைனஸ் 40-லிருந்து பூஜ்யத்துக்கு வந்தால் ஒரு கேலன் டின்னில் 150 மில்லிலிட்டருக்கு மேல் கூடுதல் கன அளவு. அந்தப் பெருக்கம் மேலே மிச்சமிருக்கும் காற்றையும் ஆவியையும் அழுத்தும், அழுத்தப்பட்டது வாய்வழியே வெளியேறும். சூடு தணிந்ததும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். டின் மூச்சு விடுகிறது. எடுக்க எளிதாக இருக்கட்டும் என்று கிடங்குகளின் உச்சியில் டின்களை வைத்திருந்தார்கள். துருவக் கோடையின் மறையாத சூரியன் அவற்றின்மேல் நேராக அடித்தது.

இந்த இடத்தில் ஒரு கதையை ஒதுக்கிவைக்க வேண்டும். வெள்ளீயம் 13 டிகிரிக்குக் கீழே மெல்ல மெல்லச் சாம்பல்நிறப் பொடியாக உதிரும் இயல்புடையது. அதனால் டின்களின் பற்றவைப்பே குளிரில் உதிர்ந்துபோனது என்று பல நூல்களில் எழுதியிருக்கிறார்கள். வேதியியல் உண்மை, கவர்ச்சியான கதை. ஆனால் அந்த உதிர்தல் தூய வெள்ளீயத்துக்குத்தான் நேர்கிறது, அதற்கும் நீண்ட காலம் பிடிக்கும். காரீயம் கலந்த பற்றாசு அதை எதிர்த்து நிற்கும். பயணத்தில் இருந்தவர்களே விரல் நீட்டியது தோல் வாசரின் பக்கம்தான். எளிய காரணம் கையில் இருக்கும்போது விந்தையான காரணத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை.

இதே காலத்தில், இதே பனிவெளியின் மறுபக்கத்தில், இதே எண்ணெயை வைத்திருந்த இன்னொரு குழு இருந்தது. அந்தக் குழுவின் கப்பலை இன்று ஆஸ்லோவில் தொட்டே பார்க்கலாம். நகரின் பிக்டோய் தீபகற்பத்தில், கூரை முக்கோணமாகச் சரியும் ஒரு கட்டடத்துக்குள் ‘ஃபிராம்’ முழுசாக நிற்கிறது. 1936-ல் திறந்த அருங்காட்சியகம். மேல்தளத்தில் நடக்கலாம், உள்ளே இறங்கிச் சின்னச் சின்ன அறைகளை எட்டிப் பார்க்கலாம். அந்தக் குழுவின் தலைவர் ரோல்ட் ஆமுண்ட்சன் 1910 ஜூனில் கிறிஸ்டியானியாவிலிருந்து புறப்பட்டது இந்தக் கப்பலில்தான். ஆஸ்லோவுக்கு அப்போதைய பெயர் கிறிஸ்டியானியா. பயணத்துக்காக அதில் டீசல் எஞ்சின் பொருத்தியிருந்தார்கள்.

பக்கத்துக் கட்டடத்தில் ‘யோவா’. ஃபிராமோடு ஒப்பிட்டால் இது தோணி. இதில்தான் ஆமுண்ட்சன் 1903 முதல் 1906 வரை வடமேற்குக் கடல்வழியைக் கடந்தார். 13 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின், மண்ணெண்ணெயில் ஓடுவது. மூன்று ஆர்க்டிக் ஆண்டுகள் மண்ணெண்ணெயோடு குடித்தனம் நடத்தியவருக்கு, அது எப்படி ஊர்ந்து போகும் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தென்துருவத்துக்குக் கொண்டுபோன டின்களின் வாயைப் பற்றாசு வைத்து அடைத்தார்கள். தக்கை இல்லை, தோல் இல்லை, மரை இல்லை. எண்ணெய் வேண்டும்போது டின்னைத் திறந்தாக வேண்டும், மறுபடி மூடுவது எளிதல்ல. கையாளச் சிரமம்தான். ஆனால் சேமிப்பது வேறு வேலை, ஊற்றுவது வேறு வேலை. இரண்டையும் ஒரே வாயிடம் கேட்டது ஸ்காட்டின் டின், சேமிப்பை மட்டும் கேட்டது ஆமுண்ட்சனுடையது.

1911 டிசம்பர் 14 அன்று ஆமுண்ட்சன், பியோலான், ஹான்சன், ஹாசல், விஸ்டிங் ஐவரும் துருவத்தை எட்டினார்கள். 1912 ஜனவரியில் திரும்பி வரும் வழியில், ‘பெட்டி’ (Betty) மலை என்று தாங்கள் பெயரிட்ட பாறைமேட்டில் ஒரு கற்குவியல் எழுப்பி, அதில் 17 லிட்டர் மண்ணெண்ணெயையும் 20 தீப்பெட்டிகளையும் பயணக் குறிப்பு ஒன்றையும் விட்டுவிட்டு வந்தார்கள். பின்னால் வருபவருக்கு உதவும் என்பது எண்ணம். அவ்வளவு எண்ணெய் அவர்களிடம் மிச்சமிருந்தது. 1929 கிறிஸ்துமஸ் நாளில், ரிச்சர்ட் பேர்டின் பயணக் குழுவைச் சேர்ந்த புவியியலாளர் லாரன்ஸ் கூல்ட் அந்தக் கற்குவியலைத் தேடிப் பிடித்தார். ஆமுண்ட்சனின் கைப்பட எழுதிய குறிப்பு பத்திரமாக இருந்தது.

இரு குழுவினரும் எரித்தது ‘பிரைமஸ்’ அடுப்பு. 1892-ல் ஸ்டாக்ஹோமில் ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் உருவாக்கியது. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் ஒரு தலைமுறையைச் சமைத்துப்போட்ட பம்பு ஸ்டவ் இதன் வாரிசுதான். அதைப் பற்றவைத்த அம்மாக்களுக்கு ஒரு வேதியியல் பாடம் கைப்பழக்கமாகவே தெரியும்: மண்ணெண்ணெயில் நேராகத் தீக்குச்சி வைத்தால் பர்னர் பிடிக்காது. முதலில் கிண்ணத்தில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றி எரித்து, பர்னரைச் சூடாக்கி, பிறகு பம்பு அடிக்க வேண்டும். காரணம், எரிவது திரவம் அல்ல, அதிலிருந்து எழும் ஆவி. திரவம் எந்தச் சூட்டில் தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடத் தொடங்குகிறதோ அதைத் தீப்பற்று நிலை என்கிறார்கள். பெட்ரோலுக்கு அது மைனஸ் 40-ஐ ஒட்டி. மண்ணெண்ணெய்க்கு 38-க்கு மேல். சட்டைப்பை லைட்டரில் பஞ்சை நனைக்கும் நாப்தா, சாதாரண அறைச் சூட்டிலேயே பற்றத் தயாராக இருக்கும். அடுப்புக்கரி பற்றவைக்கும் திரவத்துக்குப் பொதுவாக 60-க்கு மேல்.

நாப்தா விற்கும் தட்டையான சின்னத் தகர டின்னைக் கையில் எடுத்துப் பார்த்தால் வாயின் வேலை புரியும். நகத்தால் நெம்பினால் மூக்கு மேலெழும். அதன் துளை ஒரு ஊசி நுழையும் அளவுதான். தகரத்தை லேசாக அமுக்கினால் துளித்துளியாக வரும், கையை எடுத்தால் நின்றுவிடும். தவறிக் கீழே விழுந்தாலும் கொட்டித் தீராது. அந்தத் துளையின் சிறுமைக்கு இன்னொரு பலனும் உண்டு. சுடர் சுமார் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான இடுக்கில் நுழைந்து போக முடியாது. சுற்றியுள்ள உலோகம் வெப்பத்தை உறிஞ்சிவிடும், சுடர் அணைந்துவிடும். 1815-ல் ஹம்ஃப்ரி டேவி சுரங்க விளக்கைச் சுற்றிக் கம்பிவலை போட்டது இதே நம்பிக்கையில்தான்.

வாயைப் பற்றிய அடுத்த பெரிய யோசனையும் ஆஸ்லோவில்தான் பிறந்தது. எரிக் ரோத்தெய்ம், 1898-ல் கிறிஸ்டியானியாவில் பிறந்தவர், வேதிப் பொறியாளர். 1926-ல் நார்வேயில் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1931-ல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. மூடிய உலோகக் கலன், உள்ளே தெளிக்க வேண்டிய பொருளோடு அழுத்தத்தில் திரவமாக்கிய வாயு, மேலே வால்வு. வால்வை அமுக்கினால் வாயு பொருளைத் தள்ளிக்கொண்டு வெளியேறும், விட்டால் அடைத்துக்கொள்ளும். இன்றைய ஸ்பிரே டப்பா முழுக்க இதுதான். ஸ்காட்டின் டின்னுக்கு எட்டாத இரண்டு வேலைகளையும் இந்த வாய் செய்தது: திறக்கும்போதும் வெளிக்காற்றை உள்ளே விடாது, தானாகவே மூடிக்கொள்ளும். ரோத்தெய்ம் 1938-லேயே, நாற்பது வயதை ஒட்டி, இறந்துபோனார். தன் டப்பா உலகெங்கும் பரவியதை அவர் பார்க்கவில்லை. நார்வே அஞ்சல் துறை 1998-ல் ஸ்பிரே டப்பாவுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

லைட்டரில் வாயு நிரப்பும் பியூட்டேன் டப்பா ரோத்தெய்மின் வழிவந்ததே. ஆஸ்லோவின் ஜனவரியில் அது ஒரு வேடிக்கை காட்டும். பியூட்டேன் கொதிப்பது மைனஸ் அரை டிகிரியில். வெளியே மைனஸ் 10 என்றால் லைட்டருக்குள் இருக்கும் பியூட்டேன் ஆவியாக மறுத்துத் திரவமாகவே கிடக்கும். விரல் தேய்ந்தாலும் சுடர் வராது. உள்ளங்கையில் சற்று நேரம் பொத்தி வைத்தால் பிடிக்கும். அதனால்தான் குளிர்கால முகாம்களுக்கு விற்கும் வாயுக் குப்பிகளில் மைனஸ் 42-ல் கொதிக்கும் புரோப்பேனையும் கலக்கிறார்கள். அதே டப்பா சென்னையில் மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் இருந்தால் நிலைமை தலைகீழ். 50 டிகிரிக்கு மேல் சூடேற விடாதே என்று டப்பாமேல் அச்சிட்டிருப்பது அலங்காரத்துக்காக அல்ல.

ஆஸ்லோவில் எரிதிரவத்துக்குப் பருவம் என்றால் அது கோடைதான். மே மாதம் வந்தாயிற்றென்றால் பூங்காக்களிலும் சோங்ஸ்வான் ஏரிக்கரையிலும் கரியடுப்புப் புகை. குரோருட் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களும் ஊறவைத்த கோழியோடு கிளம்பிவிடும். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை ஒட்டியும் தீ மூட்டப் பொதுவான தடை நாடெங்கும் உண்டு. தீ பரவ வழியே இல்லை என்று தெளிவாகத் தெரியும் இடத்துக்குத்தான் விலக்கு.

விபத்து நடக்கும் கணம் ஏறத்தாழ எப்போதும் ஒன்றே. கரி சரியாகப் பிடிக்கவில்லை, தீ அணைந்துவிட்டது போலத் தெரிகிறது, இன்னும் கொஞ்சம் ஊற்றுவோம் என்று கை புட்டிக்குப் போகிறது. மேலே சாம்பல், அடியில் கனல். 60 டிகிரிக்கு மேல்தான் பற்றும் என்ற பாதுகாப்பெல்லாம் கனல்மேல் விழுந்த நொடியில் காலாவதி. திரவம் வெள்ளைப் புகையாக எழும். அது புகை அல்ல, எரியக் காத்திருக்கும் ஆவி. பற்றிய சுடர் ஊற்றும் தாரையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறும். ஸ்பிரிட், பயோ எத்தனால், பெட்ரோல் போன்றவை என்றால் ஆபத்து பல மடங்கு. பாதி காலியான புட்டிக்குள் ஆவியும் காற்றும் எரிவதற்கேற்ற அளவில் கலந்திருந்தால், சுடர் வாய்வழியே உள்ளே பாய்ந்து, உள்ளிருக்கும் திரவத்தையும் சேர்த்து எரியும் பீச்சாக வெளியே தள்ளும். அது பல அடி தூரம் போகும். எதிரே உட்கார்ந்திருப்பவர்தான் எரிவார். நிறைந்த புட்டியைவிடக் காலியாகிக்கொண்டிருக்கும் புட்டியே கொடியது என்பதைப் பலர் நம்புவதில்லை.

இதற்கு விடை டேவியின் வலைதான். அமெரிக்காவில் 2020-ல் இயற்றிய ஒரு சட்டத்தின்படி, 2023 ஜூலை முதல், வீடுகளில் பயன்படும் எரிபொருள் கேன்களின் வாயில் சுடர்த்தடுப்பு இருந்தாக வேண்டும். அடைத்தே விற்கும் எரிதிரவப் புட்டிகளுக்கும் விதி பொருந்தும். சில காசு பெறும் சல்லடை. இவ்வளவு தாமதமாக வந்தது வருத்தத்துக்குரியது. டேவி செய்துகாட்டி 200 ஆண்டுகள் ஆகிவிட்டன.

நார்வே, ஐரோப்பியப் பொருளாதார வட்டத்தில் இருப்பதால் ஐரோப்பிய வேதிப்பொருள் விதிகளைப் பின்பற்றுகிறது. 2010 டிசம்பர் முதல் தேதியிலிருந்து, கரி பற்றவைக்கும் திரவமும் விளக்கு எரிக்க விற்கும் பாரஃபினும் ஒளி புகாத கறுப்புப் புட்டியில்தான் வர வேண்டும், ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. இந்த விதியின் பின்னால் தீ இல்லை, குழந்தையின் நுரையீரல் இருக்கிறது. தெளிந்த புட்டியில் நிறமற்ற திரவம் தண்ணீராகவே தெரியும். ஒரு வாய் உறிஞ்சினால் போதும். இரண்டு எண்ணெய்களும் அவ்வளவு நீர்த்தவை. தொண்டையில் புரையேறினால் மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரல் முழுக்கப் படலமாகப் பரவிவிடும். மைனஸ் 40-ல் மரை வழியே ஊர்ந்த அதே குணம். விழுங்கிய குழந்தையை வாந்தி எடுக்கவைக்கவே கூடாது, வரும்போது இன்னொரு தடவை நுரையீரலுக்குள் போகும். ஆஸ்லோவில் நாள் முழுக்க இயங்கும் நச்சுத் தகவல் மையத்தைப் பெற்றோர் தொலைபேசியில் கேட்கலாம். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவில் பணியாற்றிய யாருக்கும் இந்த நோயாளியைத் தெரியும். சோடா பாட்டிலில் ஊற்றி அடுப்பங்கரை ஓரத்தில் வைத்த மண்ணெண்ணெயைக் குடித்துவிட்டு வந்த ஒன்றரை வயசுக் குழந்தை.

எனவே இந்தப் புட்டிகளின் வாய்க்குக் குழந்தைப் பூட்டு மூடி கட்டாயம். அமுக்கிக்கொண்டே திருகினால்தான் திறக்கும். இதைச் சோதிக்கும் முறையை ஐ.எஸ்.ஓ. 8317 என்ற தர விதி வகுத்திருக்கிறது. சோதிப்பவர்கள் 42 முதல் 51 மாதம் வரை வயதுள்ள குழந்தைகள், அதிகபட்சம் 200 பேர். பாதுகாப்பான பொருள் நிரப்பிய புட்டியைக் கையில் கொடுத்து ஐந்து நிமிடம் விட்டுவிடுவார்கள். 85 சதவீதக் குழந்தைகள் திறக்க முடியாமல் தோற்க வேண்டும். பிறகு பெரியவர் ஒருவர் வாய் பேசாமல் திறந்து காட்டுவார். இன்னொரு ஐந்து நிமிடம். பார்த்த பிறகும் 80 சதவீதம் பேருக்குத் திறக்கக் கூடாது. அடுத்து அதே மூடி 50 முதல் 70 வயது வரையுள்ளவர்களிடம் போகும். அவர்களில் 90 சதவீதம் பேர் திறந்து, சரியாக மூடவும் வேண்டும். கீல்வாதக் கையும் நாலு வயசுக் கையும் ஒரே மூடியில் மோதுகின்றன, முதலாவது ஜெயிக்க வேண்டும், இரண்டாவது தோற்க வேண்டும். புட்டியில் முக்கோணப் புடைப்பு ஒன்றும் இருக்கும், பார்வையற்றவர் தடவி உணர்வதற்காக.

85 என்பது 100 அல்ல. ஐந்து நிமிடத்தில் நூற்றில் பதினைந்து குழந்தைகள் திறந்துவிட்டாலும் மூடி தேர்ச்சி பெற்றுவிடும். பெரியவர்கள் வரும்வரை கொஞ்சம் அவகாசம் வாங்கித் தருவதுதான் அதன் வேலை. அதுவும் மூடியிருந்தால் மட்டும். அடுப்படியில் அடுத்த தடவை எளிதாக இருக்கட்டும் என்று அரைத் திருகலில் விட்ட மூடிக்கும் ஸ்காட்டின் தோல் வாசருக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

நார்வேயின் வீட்டு விதி, அளவையும் கட்டுப்படுத்துகிறது. பெட்ரோல் போல எளிதில் பற்றும் திரவம் வீட்டுக்குள் 10 லிட்டர் வரைதான். எரிவாயு 55 லிட்டர் வரை, பரணிலும் நிலவறையிலும் வைக்கக் கூடாது. நிலவறைத் தடைக்குக் காரணம் ஆவியின் எடை. புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், பெட்ரோல் ஆவி மூன்று மடங்குக்கும் மேல். கசிந்தது தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும். நிலவறையில் எங்கோ மூலையில் இருக்கும் குளிர்பெட்டியின் சுவிட்சில் தெறிக்கும் பொறி அதற்குப் போதும். நார்வேயிலோ நாகர்கோவிலிலோ, மோட்டார் பைக்கிலிருந்து உறிஞ்சிய பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து மாடிப்படியின் கீழே வைப்பவர், கறுப்பு நிறம், சிறு துளை, பூட்டு மூடி, சல்லடை ஆகிய நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றிப் போட்டுவிடுகிறார்.